ஏரிக்குள் இறங்கும் தோட்டம்

வெள்ளாயணிக் கரையில் வீடு கட்டியவர்களுக்குக் கண் குளிரக் காட்சி கிடைக்கிறது. கூடவே ஒவ்வொரு மழைக்கும் ஒரு கணக்கும் வருகிறது.

ஜூன் முதல் வாரத்தில் திருவனந்தபுரத்தில் வானம் இருண்டதும், வெள்ளாயணி ஏரிச் சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் தோட்டத்தின் கீழ்க்கோடி வரை போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறார்கள். மழை பிடித்த பத்தாவது நிமிடம் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் நீர்த்த தேநீர் மாதிரி இருக்கும். சற்று நேரத்தில் செங்கல் பொடியைக் கரைத்த நிறம். அரை மணிக்குள் அது தென்னந்தடங்களைத் தாண்டி, முற்றத்தைக் கழுவி, வேலிக்கு அடியில் புகுந்து, ஏரியின் பச்சைத் தண்ணீரில் சிவப்பாக ஒரு விசிறியை விரிக்கிறது. மழை விட்டால் மறுநாள் தண்ணீர் தெளிந்துவிடும். விசிறி மட்டும் அடியில் தங்கும். அடுத்த மழைக்கு அதன் மேல் இன்னொன்று.

தம்பானூர் பேருந்து நிலையத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே வந்தால், கரமனை, பாப்பனங்கோடு தாண்டி நேமம் வரும்போது வலதுபக்கம் பிரிகிற சாலைகள் எல்லாம் மேடும் பள்ளமுமாக இந்த ஏரியை நோக்கித்தான் போகின்றன. நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். மறுபுறம் கோவளம் கடற்கரை கூப்பிடு தூரம். கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் தண்ணீரில் உப்பு இல்லை. மலையாளிகள் இதை வெள்ளாயணிக் காயல் என்கிறார்கள். காயல் என்றதும் உப்பங்கழியை நினைத்துக்கொண்டு வரும் தமிழ்நாட்டுப் பயணிகள் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படுகிறார்கள். கேரளத்தில் சொல்லிக்கொள்ளும்படியான நன்னீர் ஏரிகள் மூன்றுதான்: கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டை, வயநாட்டுப் பூக்கோடு, அப்புறம் இது. சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. சரிவில் ஒருவர் தோட்டத்து மண் கரைந்தால், இன்னொருவர் வீட்டுக் குழாயோடு அதற்குச் சம்பந்தம் உண்டு.

பார்க்க வருபவர்களுக்கு ஏரி ஏமாற்றம் தருவதில்லை. விடியற்காலையில் சிறு வள்ளங்களில் தாமரை பறிக்கிறார்கள். புஞ்சக்கரி வயல்களில் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் நீண்ட குழாய் லென்ஸுகளோடு மனிதர்கள் இறங்குகிறார்கள். அங்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. 1989-ல் வெளியான மோகன்லாலின் ‘கிரீடம்’ படத்தில் இடம்பெற்ற பிறகு அதற்குக் ‘கிரீடம் பாலம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2007-ல் அஜித்தை வைத்து அதே பெயரில் தமிழிலும் எடுத்த படம்தான். வாழ்க்கை சரிந்துபோன ஒரு இளைஞனின் கதைக்கு அடையாளமாகிப்போன பாலம் இன்று கல்யாண ஆல்பங்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏரியின் ஒரு கரையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் அரண்மனை ஒன்று இருந்தது. 1955-ல் அங்கே வேளாண் கல்லூரி வந்தது. இப்போது அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அங்கம். கல்லூரி வளாகமே ஒரு குன்றுச் சரிவு. மேலே கட்டடங்கள், கீழே வயல், அதற்கும் கீழே தண்ணீர். மண் விஞ்ஞானிகளுக்கு இதைவிட வசதியான பாடப் புத்தகம் கிடையாது. இந்தப் பகுதியின் ஆழமான செம்மண்ணுக்கு மண் வகைப்பாட்டில் ‘வெள்ளாயணி’ என்ற பெயரே இருக்கிறது.

பெயர் வாங்கிய இந்த மண்ணைப் புரிந்துகொள்ளாமல் இங்கே வீடு கட்டுவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

1800-ல் மலபார் வழியாகப் பயணம் செய்த ஃபிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புறத்தில் மக்கள் நிலத்தைக் கோடரியால் வெட்டிச் செங்கல் மாதிரி எடுப்பதைப் பார்த்தார். வெட்டும்போது மெதுவாக இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டதும் இறுகிவிடுகிறது. 1807-ல் வெளியான தன் பயண நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். மலையாளிகளுக்கு அது வெட்டுக்கல்; தமிழில் செம்புறாங்கல். திருவனந்தபுரத்துக் குன்றுகளின் தலையில் இந்தக் கல் தொப்பி போல உட்கார்ந்திருக்கிறது. மேலே சரல் கலந்த செம்மண். கல்லுக்குக் கீழே வெளிறிய, வழுக்கலான களிமண். காய்ந்த காலத்தில் இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டிவிட்டாலும் சுவர் போல நிற்கும். ஜனவரியில் வெட்டிப் பார்ப்பவர்கள் அந்த உறுதியை நம்பிவிடுகிறார்கள். ஜூனில் தண்ணீர் ஊறிய பிறகு அது வேறு பொருள். மேல் மண் குழைகிறது. உள்ளே இறங்கிய தண்ணீர் களிமண் மேல் போய் நின்று, பக்கவாட்டில் வழி தேடுகிறது. இதே கல்லும் களியும் கடலோரத்தில் எப்படி உதிர்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், அதே மாவட்டத்து வர்க்கலைக்குப் போய்ச் செங்குத்துப் பாறைச் சரிவைப் பார்க்கலாம்.

வானமும் இரண்டு தடவை தாக்குகிறது. தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டிப் பார்க்கும் பெரிய நகரங்களில் திருவனந்தபுரம் ஒன்று. அது போன பிறகு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, பெரும்பாலும் மாலை நேரத்து இடியோடு. ஆண்டுக்கு சுமார் 1,800 மில்லிமீட்டர். வெறும் எண்ணாகக் கேட்டால் மிரட்டாது. பத்து சென்ட் மனையில் பெருக்கிப் பார்த்தால் ஏழு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் அந்த ஒரு மணியில் மட்டும் 20,000 லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை அதில் 4,600 லிட்டரைப் பிடித்து, நாலு குழாய்களின் வழியே நாலு இடத்தில் பீய்ச்சுகிறது. சரிவில் வைத்த வீட்டுக்கு இந்த நாலு குழாய்கள் நாலு கடப்பாரைகளுக்குச் சமம்.

பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. துளி விழுந்த இடத்தில் மண் தெறிக்கிறது. சரிவில் தெறிப்பது எப்போதும் கீழ்நோக்கித்தான் அதிகம். பிறகு ஓடும் தண்ணீர் அதைத் தூக்கிக்கொள்கிறது. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது பழைய பொறியியல் பாடம். முழங்கால் உயர வரப்பு ஒன்று தண்ணீரைத் தடுத்து நிறுத்தாவிட்டாலும், வேகத்தைப் பாதியாக்கினாலே போதும் என்பதன் அர்த்தம் இதுதான். பத்து சென்டில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அரை டன்.

பழைய ஆட்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கை வேலை தெரிந்திருந்தது. குன்றுச் சரிவில் குறுக்கே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தாழ்வான திட்டுகளுக்குக் கையாலை என்று பெயர். இந்தச் சொல்லைக் கன்னியாகுமரி மாவட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஊரிலும் விளைகளுக்குக் கையாலைதான் வேலி. 1956 நவம்பர் 1 வரை கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் இதே திருவிதாங்கூரோடு இருந்தவை. எல்லை மாறிய பிறகும் மண் வேலை மாறவில்லை. கல் அடுக்கவும் மண் வெட்டவும் களியக்காவிளை தாண்டி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கையாலைக்குச் சிமெண்ட் கிடையாது. வெட்டுக்கல் துண்டுகளையும் தோட்டத்தில் கிடக்கும் கற்களையும் சற்றுப் பின்சாய்வாக அடுக்கி, இடுக்கில் மண் திணித்து, மேலே புல்லோ அன்னாசியோ வைத்துவிடுவார்கள். மழைத்தண்ணீர் கல் இடுக்கு வழியே கசிந்துவிடும். மண் பின்னால் தங்கும். சில வருடங்களில் சரிவு தானாகவே படிப்படியாகச் சமப்பட்டுவிடும். ஒரு கல் விழுந்தால் மறுநாள் எடுத்து வைத்தால் போயிற்று. இந்தக் கட்டுமானத்தின் சிறப்பே அதன் ஓட்டைகள்தான்.

பழைய காலம் முழுக்கப் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு மருந்தாக மரச்சீனியைப் பரப்பினார். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் மரவள்ளி என்று அறியப்படும் கிழங்கு. ஏழைகளின் வயிற்றை அது காப்பாற்றியது உண்மை. அரிசி கிடைக்காத யுத்த காலத்தில் திருவிதாங்கூர் பிழைத்ததும் அதனால்தான். ஆனால் மரச்சீனிக்கு மண்ணைக் கொத்திக் கூனையாகக் குவிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் இலை விரியாமல் தரை வெறுமையாகக் கிடக்கும். அறுவடைக்கு மீண்டும் பிடுங்கிக் கிளற வேண்டும். சரிவில் இதைவிட மண்ணைக் கரைக்கிற பயிர் குறைவு. நகரத்தின் வட பக்கத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கூனைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அமைப்பது, இடையில் பயறோ நிலக்கடலையோ போட்டுத் தரையை மூடுவது என்று விவசாயிக்குச் சொல்ல வழி இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் நாலு மூடு மரச்சீனி வைப்பவருக்கு அதைப் போய் யாரும் சொல்வதில்லை.

1970-களில் வளைகுடாப் பணம் வந்தது. அதுவரை ஆள் குடியேறத் தயங்கிய சரிவுகள் ‘லேக் வியூ’ ஆயின. மண்வெட்டி ஒரு மாதம் செய்கிற வேலையை ஒரு நாளில் முடிக்கும் மண் தோண்டும் இயந்திரமும் பின்னாலேயே வந்தது. இப்போது முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். சரிவின் மேல்பாதியை வெட்டு. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டு. கொட்டிய மண் நழுவாமல் ஏரிப் பக்கம் ஒரு சுவர் எழுப்பு. நடுவில் சமதளம் கிடைத்தது, அதில் வீடு. வரவேற்பறையிலிருந்து பார்த்தால் ஏரி படம் மாதிரித் தெரியும். வீட்டின் பாதி பல நூறு ஆண்டுகளாக இறுகிய நிலத்தின் மீதும், மறுபாதி போன வருடம் கொட்டிய மண்ணின் மீதும் நிற்கிறது என்பது தெரியாது.

கொட்டிய மண் ஒரு மழைக்காலத்தில் அமுங்கும். சுவரில் முதல் கீறல் பெரும்பாலும் அப்போது விழுகிறது. வீட்டுக்காரர் சிமெண்ட் பூசி மூடுகிறார். அத்தோடு மிச்சமிருந்த கசிவு வழியும் அடைபடுகிறது. இரண்டு மீட்டர் உயரம், பத்து மீட்டர் நீளச் சுவர் ஒன்றுக்குப் பின்னால் மேல்மட்டம் வரை தண்ணீர் தேங்கி நின்றால், தண்ணீரின் தள்ளு விசை மட்டும் சுமார் 20 டன். சரக்கு ஏற்றிய ஒரு லாரி சாய்ந்துகொண்டு நிற்பது போல. மண்ணின் விசை தனிக்கணக்கு. சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு குழாய்த் துண்டைச் செருகி, பின்புறம் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பியிருந்தால் இந்த 20 டன் உருவாகியே இருக்காது. செலவில் அது சுவரின் சின்னப் பங்குதான். ஆனால் அது மண்ணுக்குள் போய்விடுவதால் யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத வேலைக்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை. ஓட்டை வைத்த இடத்திலும் அதிலிருந்து செந்தண்ணீர் வழிந்து வெள்ளைச் சுவரைக் கறையாக்குகிறது என்று துணி வைத்து அடைத்தவர்கள் உண்டு.

திருவனந்தபுரத்தில் இன்னொரு பழக்கம். தமிழ்நாட்டுக்கும் அது பொருந்தும். முற்றத்தைத் தினம் பெருக்குவது. விடிந்ததும் ஈர்க்குமாறு எடுத்து ஒரு இலை விடாமல் கூட்டி, ஒரு மூலையில் குவித்துக் கொளுத்துவது வீட்டு மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். சமநிலத்தில் அது அழகு. சரிவில் அது மண்ணின் சட்டையைக் கழற்றுகிற வேலை. பலா இலையும் மாஞ்சருகும் தென்னோலைத் துண்டும் நாலு விரல் கனத்துக்குக் கிடந்தால் எந்த மழைத்துளியும் மண்ணை நேரடியாகத் தொடாது. சருகைக் கூட்டாமல் விட்டால் பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது. அதனால் வீட்டைச் சுற்றி ஒரு பத்தடி பெருக்கிக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள சரிவைச் சருகுக்கு விட்டுவிடுவது நடைமுறைக்கு ஏற்ற சமரசம்.

செய்ய வேண்டிய வேலை மேலிருந்து கீழே இறங்குகிறது. இதில் வரிசை முக்கியம். பலர் ஏரி ஓரத்தில் கரை உடைகிறது என்று அங்கேதான் முதலில் பணத்தைக் கொட்டுகிறார்கள். உடைப்பவன் கூரையில் இருக்கிறான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அதைத் தாங்கிக் குழாய் வழியாகக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ கொண்டுபோனால் சரிவின் எதிரி பாதியாகிவிடும். திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் ‘மழப்பொலிமா’ என்று ஒரு திட்டம் வந்தது. கூரைத் தண்ணீரை மணலும் கரியும் ஜல்லியும் போட்ட வடிகட்டி வழியாகத் திறந்த கிணற்றில் விடுவதுதான் அது. கேரளத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு இருப்பதால் தொட்டிச் செலவு மிச்சம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. அங்கே கவலை கோடைத் தண்ணீர். இங்கே கோடைத் தண்ணீரோடு தோட்டத்து மண்ணும்.

அடுத்தது கையாலை. எங்கே கட்டுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோட்டில் கட்டினால் ஒரு முனை தாழ்ந்துபோய், தண்ணீர் முழுதும் அங்கே சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். கொத்தனார் கையில் இருக்கிற, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் போதும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிற இடங்களில் குச்சி நட்டுக்கொண்டே போனால், சம உயரக் கோடு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடைக்கும். வளைவு அசிங்கம் என்று நேராக்கக் கூடாது.

கையாலைக்குப் புல் வேண்டும். 1980-களில் உலக வங்கி நிபுணர்கள் இந்தியாவில் வெட்டிவேரை மண் காப்புப் பயிராகப் பரப்ப முனைந்தார்கள். 1993-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டது. இதில் வேடிக்கை, மைசூர் அருகே குண்டல்பேட்டை விவசாயிகள் அதற்கு வெகுகாலம் முன்பே வயல் எல்லையில் வெட்டிவேர் வைத்திருந்ததுதான். ராமச்சம் என்று மலையாளத்தில் சொல்லப்படும் இந்தப் புல்லின் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக மூன்று மீட்டர் வரை இறங்கும். தென்னிந்திய வகை விதை போட்டுப் பரவுவதில்லை. வைத்த இடத்தில் நிற்கும். ஒரு சாண் இடைவெளிக்குள் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மழைக்காலம் பொறுத்தால் அடர்ந்த வேலியாகிவிடும்.

இதில் இரண்டு சிக்கல்களைப் பிரசுரங்கள் மெதுவாகத்தான் சொல்கின்றன. வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. திருவனந்தபுரத்துத் தோட்டமோ தென்னை, பலா, மா, அதன் மேல் மிளகுக்கொடி என்று நிழலாலேயே ஆனது. அங்கே அன்னாசியை வரிசையாக வைப்பது புத்திசாலித்தனம். மஞ்சளும் சேம்பும் தரையை மூடும். இரண்டாவது சிக்கல் மனிதனுடையது. வெட்டிவேரின் வேருக்குச் சந்தையில் விலை உண்டு. விசிறிக்கும் தட்டிக்கும் எண்ணெய்க்கும் அதைத் தோண்டி எடுத்தால், அணையைக் கட்டிவிட்டு அதன் அடித்தளத்தை விற்ற கதைதான்.

தென்னைக்கு நடுவே குறுக்குச் சால் வெட்டி, தேங்காய் மட்டையைப் பரப்பிப் புதைப்பது இன்னொரு பழைய வேலை. மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் மரத்துக்குத் தருகிறது. ஐந்தாறு வருடம் தாங்கும். தேங்காய் உரித்ததும் மட்டையை விறகாக்குகிற வீடுகள் ஒரு வருடம் அதை நிறுத்திவைத்துப் பார்க்கலாம்.

மழைக்குழி விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. தண்ணீர் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கட்டும் என்று தோட்டத்தில் குழிகள் வெட்டும் பிரசாரம் கேரளத்தில் பெரிதாக நடந்தது. மிதமான சரிவில் அது நல்ல வேலை. நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு குழி ஒரு நிறைவுக்கு 680 லிட்டரைப் பிடிக்கும். ஆனால் செங்குத்தான சரிவில், கனத்த மண்ணுக்குக் கீழே வழுக்கும் களிமண் இருக்கிற இடத்தில், அதே குழி சரிவின் வயிற்றுக்குள் தண்ணீரைத் திணிக்கும் புனல். 2018 முதல் 2024 ஜூலை 30 முண்டக்கை, சூரல்மலைப் பேரழிவு வரை பார்த்த கேரளத்தில், மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் என்ன செய்யும் என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெள்ளாயணிக் குன்றுகள் வயநாட்டு மலைகள் அல்ல. உயரம் சிறிது, ஆபத்தும் அந்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் வெட்டி எடுத்த திட்டுக்கு மேலேயும், தாங்குசுவருக்குப் பின்னாலேயும் குழி வெட்டக் கூடாது. அந்த இடங்களில் தண்ணீரை ஊறவிடாமல், கல் பதித்த வாய்க்காலில் படிப்படியாக இறக்கிவிடுவதே பாதுகாப்பு. ஒரே தோட்டத்தில் மேலே உறிஞ்சச் சொல்லியும், நடுவே உறிஞ்சாதே என்றும், கீழே மறுபடி உறிஞ்சச் சொல்லியும் மண்ணோடு பேச வேண்டியிருக்கிறது.

இனி ஏரிக்கரை. இங்கேதான் கயிறு வருகிறது. தென்னை நார்க் கயிற்றில் பின்னிய வலையைச் சரிவில் விரித்து, முளை அடித்து, அதன் கண்களில் புல் வைப்பது. கேரளத்தில் இதற்குப் ‘பூவஸ்திரம்’ என்று அழகான பெயர். பூமிக்குப் போர்த்தும் துணி. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஆமச்சல் பகுதியில் ஒரு குளக்கரையின் செங்குத்துச் சரிவில் இதைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வலையும் புல்லும் சேர்ந்தபோது கரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. இதற்குக் காரணம் எளிது. புல் வேர் பிடிக்க ஒரு மழைக்காலம் வேண்டும். அந்த ஒரு மழைக்காலத்தில்தான் மண் போகிறது. கயிறு அதுவரை பிடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு தானே மட்கிவிடும். பிளாஸ்டிக் வலை இந்த உபகாரத்தைச் செய்யாது. மட்காமல் ஏரியில் கிடக்கும். பிறகு வேலை உறுதித் திட்டப் பணிகளில் கேரளத்து ஓடைக் கரைகளில் இந்த வலை பரவலாக விரிக்கப்பட்டது. பாடுபட்டு விரித்தபின் புல் வைக்காமல் விட்ட இடங்களில் கயிறும் போயிற்று, கரையும் போயிற்று.

தண்ணீர் விளிம்பில் முன்பு தாழைதான் காவல். முள்ளும் புதருமாக இருக்கும்; படகுக்காரரைத் தவிர யாருக்கும் பிடிக்காது. அதை வெட்டிவிட்டுப் புல்தரை போடுவது இன்றைய நாகரிகம். புல்தரைக்கு உரம், உரம் மழையில் ஏரிக்கு, ஏரியில் ஆகாயத்தாமரை. இந்த நாகரிகம் எங்கிருந்து வந்ததோ அந்த அமெரிக்காவிலேயே, விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிக்கரை மனைகளில் தண்ணீர் விளிம்பிலிருந்து 35 அடிக்குச் செடிகொடிகளை வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. பக்கத்து மின்னசோட்டாவில் 2005 முதல் புல்தரைக்குப் பாஸ்பரஸ் உரம் போடக் கட்டுப்பாடு. அங்கே தாழை இல்லை; இருந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டுக்காரர் இத்தனையும் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மேல்வீட்டுத் தண்ணீரை என்ன செய்வார்? இரண்டு தோட்டங்களுக்கு நடுவே ஒடுங்கி இறங்கும் பழைய இடவழி, மழையில் ஓடையாகவும் வெயிலில் வழியாகவும் இருந்தது. இப்போது அது காங்கிரீட் சாலை. ஓரத்தில் வாய்க்கால் இல்லை. நாலைந்து வீட்டு முற்றத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, சறுக்குமரத்தில் வருவது போல வந்து, சாலை முடிகிற இடத்தில் கடைசி வீட்டுக்காரரின் தலையில் இறங்குகிறது. அவர் மணல் மூட்டை அடுக்கினால் அடுத்த வீட்டுக்குத் திரும்புகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த மனைகளில் மழைக்காலம் பேச்சுவார்த்தை முறிகிற காலமாகவும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சுவர் கட்டுவதைவிட, எல்லோருமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் செலவு குறைவு. அதற்கு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். சுவருக்கு அது தேவையில்லை.

மேட்டு மண் ஏரியை என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வடக்கே ஆக்குளம் ஏரியில், ஆமையிழஞ்சான் தோடும் பட்டம், உள்ளூர் தோடுகளும் நகரத்து மண்ணையும் குப்பையையும் கொண்டுவந்து சேர்த்தன. தூர்ந்துபோன ஏரி மேல் களை படர்ந்தது. 2023 அக்டோபர் மத்தியில் ஒரே இரவு மழைக்கு நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கியபோது, தண்ணீர் போக இடம் இல்லாதது எல்லோருக்கும் புரிந்தது. தமிழ்நாட்டில் ஊட்டி ஏரி இருக்கிறது. 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டிய அந்த ஏரியின் பழைய பரப்பில் இன்று பஸ் நிற்கிறது, அண்மைக்காலம் வரை குதிரையும் ஓடியது. வெள்ளாயணியும் முன்பிருந்த அளவில் இல்லை. ஒருகாலத்தில் உணவு உற்பத்திக்காக ஏரியின் ஓரங்களை இறைத்து நெல் போட்டார்கள். அது அரசாங்கமே செய்த சுருக்கம். நெல் வயலையும் நீர்நிலையையும் காக்க 2008-ல் மாநிலச் சட்டம் வந்தது. மேட்டிலிருந்து மழையோடு இறங்கி வரும் மண்ணை எந்த இன்ஸ்பெக்டரும் மறித்து நிறுத்துவதில்லை.

செப்டம்பரில் மழை சற்று ஓய்ந்ததும் வெள்ளாயணிக் கரையில் நடந்தால் அது தெரியும். ஜூனில் விழுந்த விசிறிகள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. முதலில் அதில் கோரை முளைக்கிறது. பிறகு யாருடைய பசுவோ வந்து மேய்கிறது. கொஞ்ச நாளில் அதன் மூலையில் ஒரு வாழைக்கன்று. வாழை குலை தள்ளுவதற்குள் கன்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரோ இரண்டு மூங்கில் நட்டு ஒரு கயிறு கட்டிவிடுகிறார்கள். தாமரை பறிக்கிற வள்ளக்காரர் அந்தக் கயிற்றுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகிறார். போன வருடம் அவர் துடுப்பு போட்ட இடம் அது.